சுடத் தவறிய துப்பாக்கி: மதுரைச் சீமையில் திரி முதல் சுழல் துப்பாக்கி வரை

துப்பாக்கியின் விசையை இழுத்த பிறகும் வெடி வெடிக்காமல் போவது சுடத் தவறுதல் எனப்படும். பேச்சு வழக்கில் இதை 'வெடி பிடிக்கவில்லை' என்பர். துப்பாக்கி தோன்றிய நாள் முதல் இன்றுவரை இக்குறை முற்றிலும் நீங்கியதில்லை. ஆனால் அதன் காரணமும், அதைச் சரிசெய்யும் கையும் காலத்துக்குக் காலம் மாறியுள்ளன. திரித் துப்பாக்கிக் காலத்தில் சுடுபவரே அதைச் சரிசெய்தார். சக்கிமுக்கித் துப்பாக்கிக் காலத்தில் தேர்ந்த கொல்லரும், கடல் கடந்து வந்த கல்லும் தேவைப்பட்டன. உலோகத் தோட்டாவும் சுழல் துப்பாக்கியும் வந்த பின்னர், ஆலையும் அரசு உரிமமும் இன்றி அதைச் சரிசெய்ய இயலாமல் போயிற்று.

மதுரை நகரும் அதைச் சூழ்ந்த சமவெளியும் இம்மாற்றங்களை அடுத்தடுத்துக் கண்ட பகுதியாகும். நாயக்கர் ஆட்சி, கிழக்கிந்தியக் கம்பெனியின் முற்றுகை, பாளையக்காரர் போர்கள், ஆயுதச் சட்டம் ஆகியவற்றின் வரலாறு பெரும்பாலும் மன்னர், தளபதி, உடன்படிக்கை என்ற வரிசையில் எழுதப்படுகிறது. அதே வரலாற்றைத் துப்பாக்கியின் தீப்பொறி எவர் கட்டுப்பாட்டில் இருந்தது என்ற நோக்கிலும் காண முடியும்.

உறுப்புகளும் பெயர்களும்

துப்பாக்கி வெடிக்க மருந்து, குண்டு, தீ ஆகிய மூன்றும் வேண்டும். மருந்தும் குண்டும் குழலுக்குள் இருக்கும். தீயை வெளியிலிருந்து உள்ளே கொண்டு செல்வதுதான் கடினமான வேலை. பழைய துப்பாக்கிகளில் குழலின் அடிப்பகுதியில் ஒரு சிறு துளை இருக்கும். அதற்குப் பற்றுவாய் என்று பெயர். அதன் வெளிப்புறத்தில் சிறு கிண்ணம் போன்ற பகுதி உண்டு. அதில் பொடியாக அரைத்த மருந்து இடப்படும். கிண்ணத்து மருந்து பற்றிக்கொண்டால் அத்தீ பற்றுவாய் வழியாக உள்ளே சென்று குழலில் உள்ள மருந்தைப் பற்ற வைக்கும்.

விசையை இழுத்ததும் பாய்ந்து சென்று அடிக்கும் உறுப்பைத் தமிழில் குதிரை என்பர். திரித் துப்பாக்கியில் இவ்விடத்தில் திரியைக் கவ்விய இடுக்கியும், சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல்லைக் கவ்விய குதிரையும், பிற்காலத் துப்பாக்கிகளில் சுத்தியல் போன்ற குதிரையும் இருந்தன. வெடி பிடிக்காமல் போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்தக் குதிரைக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள சில அங்குல தூரத்திலேயே நேர்ந்தன.

திரித் துப்பாக்கிக் காலம்

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின் திரித் துப்பாக்கி தென்னிந்தியாவில் பரவியது. அதே நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி நிலைபெற்று, நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. பாளையக்காரர் ஒவ்வொருவரும் படை வைத்திருக்கும் கடமை உடையவர். ஈட்டி, வாள், வளரி ஆகியவற்றுடன் திரித் துப்பாக்கியும் அப்படைகளில் இடம்பெற்றது.

வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்திய கயிறே திரி. அது சுடர்விடாமல் கனன்றுகொண்டே இருக்கும். விசையை அழுத்தினால் திரியின் கனல் முனை கிண்ணத்து மருந்தைத் தொடும். இதில் பாயும் வில்லோ, நுட்பமான பூட்டோ இல்லை. ஊர்க் கொல்லர் ஒருவரால் இதைச் செய்யவும் பழுது பார்க்கவும் முடிந்தது. ஐரோப்பாவில் திரித் துப்பாக்கி கைவிடப்பட்ட பின்னரும் இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டு வரை அது நீடித்ததற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணமாகும்.

இத்துப்பாக்கி சுடத் தவறுவதற்கான காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவை. திரி அணைந்திருக்கும், காற்றில் கிண்ணத்து மருந்து பறந்திருக்கும், பற்றுவாய் கரியால் அடைத்திருக்கும், அல்லது மருந்து நமுத்திருக்கும். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே வெடிமருந்து. வெடியுப்பு நன்கு தூய்மை செய்யப்படாமல் வேறு உப்புகள் கலந்திருந்தால், அது காற்றின் ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். மதுரைச் சமவெளி ஆண்டின் பெரும்பகுதி வறண்டது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் நிலைமை வேறு. அக்காலத்தில் மருந்தை உலர்வாக வைத்திருப்பதே படைவீரரின் பெரும் கவலையாக இருந்தது.

இக்குறைகள் ஒவ்வொன்றையும் சுடுபவரே களத்தில் சரிசெய்ய முடியும். திரியை ஊதிக் கனலேற்றலாம். பற்றுவாயை ஊசியால் குத்தித் திறக்கலாம். கிண்ணத்தில் புது மருந்து இடலாம். கருவி முரடானது, ஆனால் அதன் குறையும் தீர்வும் அதை வைத்திருந்தவரின் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தன.

சக்கிமுக்கியும் கம்பெனிப் படையும்

தீப்பெட்டி வருமுன் வீடுகளில் தீ மூட்டப் பயன்பட்ட கல்லும் இரும்பும் சக்கிமுக்கி எனப்படும். அதே முறையைத் துப்பாக்கியில் பொருத்தியதே சக்கிமுக்கித் துப்பாக்கி. குதிரையின் வாயில் ஒரு கல் கவ்வப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் வலிய வில்லின் உந்துதலால் கல் எஃகுத் தகட்டை உரசும். தகடு பின்னுக்குச் சாய, பொறிகள் கிண்ணத்தில் விழும். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் ஏந்தியது இவ்வகைத் துப்பாக்கியே.

கனலும் திரியைச் சுமக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரும் நன்மை. இரவில் திரியின் ஒளி வீரரைக் காட்டிக்கொடுக்கும். மருந்துப் பொதிக்கு அருகில் கனல் இருப்பதும் ஆபத்து. சக்கிமுக்கித் துப்பாக்கியில் இவ்விரண்டும் இல்லை. ஆயினும் அதற்கு நன்கு துவைச்சலிட்ட வில்லும், சரியான கடினத்தன்மை உடைய தகடும் வேண்டும். வில் தளர்ந்தால் கல் தகட்டை வருடிச் செல்லுமே தவிரப் பொறி எழாது. இன்றைய சுழல் துப்பாக்கியில் குதிரையின் அடி போதாமல் போகும் குறைக்கு இதுவே மூத்த வடிவம்.

கல்லும் சில பத்து வெடிகளுக்குள் மழுங்கிவிடும். அதைத் தட்டிக் கூராக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். பிரிட்டிஷ் படைகளுக்கான கற்கள் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள பிராண்டன் என்ற ஊரில் செதுக்கப்பட்டன. துப்பாக்கி தொடர்ந்து வெடிப்பதற்கான பொருள் ஊர் எல்லையைத் தாண்டிச் செல்லத் தொடங்கியது இக்கட்டத்தில்தான்.

மதுரையில் இதன் பின்னணியில் நிகழ்ந்த பெரும் போர் யூசுப்கானின் போராகும். மருதநாயகம் என்ற பெயரால் அறியப்படும் அவர் முதலில் கம்பெனிப் படையில் சிப்பாய்களின் தளபதியாக இருந்தவர். பின்னர் ஆர்க்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றார். கம்பெனி முறைப்படி பயிற்றுவித்த படைவீரர்களும் ஐரோப்பிய முறைத் துப்பாக்கிகளும் அவரிடமும் இருந்தன. 1763இல் தொடங்கிய முற்றுகை அவ்வாண்டு மழைக்காலத்தில் விலக்கப்பட்டது. 1764 ஜூன் மாதத்தில் கோட்டையின் மீது நடத்தப்பட்ட நேரடித் தாக்குதலும் தோல்வியடைந்தது. முடிவில் உடனிருந்தவர்களின் துரோகத்தால் யூசுப்கான் பிடிபட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். இரு தரப்பும் ஒரே வகை ஆயுதத்தை ஏந்தி நின்ற காலத்தில் கோட்டை போரால் விழவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1801: தடை அறிவிப்பு

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801இல் தப்பிய அவருடைய தம்பி ஊமைத்துரை, தரைமட்டமாக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். 1801 மார்ச் 31 அன்று கம்பெனிப் படை நடத்திய தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில், மதிலேறி வந்தவர்களைப் பாளையக்காரர் படையினர் நீண்ட ஈட்டிகளால் தடுத்ததைப் பதிவு செய்துள்ளார். ஈட்டிக்குத் திரியும் வேண்டாம், கல்லும் வேண்டாம். அது சுடத் தவறுவதில்லை. நெருங்கிய போரில் துப்பாக்கியை முழுவதும் நம்ப முடியாத காலத்தில் ஈட்டி பழமையின் எச்சமாக இல்லாமல் தேவையாகவே இருந்தது. கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கி முனையில் சொருகப்பட்ட சனியன் என்னும் குத்தீட்டியும் இதே காரணத்துக்காகத்தான் இருந்தது.

அவ்வாண்டு மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. துப்பாக்கி செய்யவும் திரி முறுக்கவும் தெரிந்த ஊர்க் கொல்லரின் தொழில்நுட்பம் இத்தடையால் வளர வழியின்றி நின்றது. உலகெங்கும் துப்பாக்கியின் தீப்பொறி முறையே மாறவிருந்த அரை நூற்றாண்டுக்குச் சற்று முன்னர் இத்தடை வந்ததால், அடுத்து வந்த மாற்றங்கள் இச்சமவெளிக்கு அரசின் படை வழியாகவே வந்து சேர்ந்தன.

கேப்பு: 1834 சோதனையும் 1841 மழையும்

அடித்தால் வெடிக்கும் பாதரசக் கூட்டுப்பொருள் ஒன்றை எட்வர்டு ஹோவர்டு 1800இல் விவரித்தார். அதைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அப்பொருளைச் சிறு செப்புத் தொப்பிக்குள் அடைக்கும் முறை வந்தது. இதுவே கேப்பு. குழலின் அடியிலுள்ள சிறு முளையின் மீது கேப்பைப் பொருத்திவிட்டால், குதிரை அடித்ததும் தீ நேராக உள்ளே பாயும். கிண்ணம், கல், வெளியில் கிடக்கும் மருந்து எதுவும் தேவையில்லை.

1834இல் இங்கிலாந்தின் ஊல்விச் நகரில் இரு வகைத் துப்பாக்கிகளாலும் 6,000 வெடிகள் வீதம் சுட்டுப் பார்க்கப்பட்டன. சக்கிமுக்கித் துப்பாக்கிகள் 922 முறை சுடத் தவறின. கேப்புத் துப்பாக்கிகள் 36 முறை மட்டுமே தவறின. அதாவது முன்னது ஏறத்தாழ ஆறரை வெடிக்கு ஒன்று தவற, பின்னது 166 வெடிக்கு ஒன்றே தவறியது.

இக்கணக்கின் பொருளைச் சென்னை மாகாணப் படையினர் சீனாவில் நேரில் கண்டனர். முதல் அபினிப் போரின்போது, 1841 மே 30 அன்று, கான்டன் நகருக்கு வடக்கே 37ஆவது மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி கடும் மழையில் மற்றப் படைகளிலிருந்து பிரிந்துபோனது. ஈட்டி ஏந்திய பெருந்திரளான சீன ஊர்மக்கள் அவர்களைச் சூழ்ந்தனர். சிப்பாய்களின் சக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து ஒன்றும் வெடிக்கவில்லை. அவர்கள் சதுரமாக அணிவகுத்துக் குத்தீட்டியால் தற்காத்து நின்றனர். கேப்புத் துப்பாக்கி ஏந்திய இரு கம்பெனிக் கடற்படை வீரர்கள் வந்து சுட்ட பின்னரே அவர்கள் மீட்கப்பட்டனர். ஒரே அரசின் ஒரே போரில், ஒரே மழையில், ஒரு துப்பாக்கி வெடித்தது, மற்றொன்று வெடிக்கவில்லை. இந்தியச் சிப்பாய்க்குப் பழைய ஆயுதமும் ஐரோப்பியருக்குப் புதிய ஆயுதமும் வழங்கிய வரிசைமுறையின் விலையைக் கொடுத்தவர்கள் அந்தச் சிப்பாய்களே.

தோட்டாவுக்குள் சென்ற தீ

கேப்பு வந்த பின்னரும் மருந்து, குண்டு, கேப்பு ஆகியவை தனித்தனியாகவே இருந்தன. 1860களில் இம்மூன்றும் ஒரே உலோகக் கூட்டுக்குள் சேர்க்கப்பட்டன. கூட்டின் அடியில் நடுவே பதிக்கப்பட்ட சிறு கேப்பே பிரைமர் எனப்படுகிறது. பிரிட்டனில் எட்வர்டு பாக்சரும் அமெரிக்காவில் ஹைரம் பெர்டனும் வகுத்த இரு பிரைமர் முறைகள் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன. பிரைமருக்குள் உள்ள வெடிபொருள், குதிரை முனையின் அடிக்கும் உட்புற முளைக்கும் இடையே நசுங்கித் தீப்பற்றுகிறது.

இதன்பின் மழை பெரும் தடையாக இல்லை. ஆனால் பிரைமரை ஊர்ப் பட்டறையில் நம்பகமாகச் செய்ய இயலாது. அதற்கு வேதியியல் ஆலையும், மெல்லிய உலோகத்தை ஒரே அளவில் அச்சடிக்கும் இயந்திரமும் வேண்டும். இந்தியாவில் 1869இல் புனே அருகே கிர்க்கியில் (இன்றைய கட்கி) தொடங்கப்பட்ட வெடிபொருள் ஆலை, படைகளுக்கான தோட்டாக்களைச் செய்தது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கியோ வெடிபொருளோ வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. துப்பாக்கியைப் பறிக்காவிட்டாலும் தோட்டாவைக் கட்டுப்படுத்தினால் போதும் என்ற நிலையை நுட்பமும் சட்டமும் சேர்ந்து உருவாக்கின.

இதன் விளைவு மதுரைக்கு மேற்கே 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் வெளிப்பட்டது. குற்றப் பழங்குடிச் சட்டத்தின்கீழ் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது காவல்துறை சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். பாஞ்சாலங்குறிச்சியில் 1801இல் இரு தரப்பிலும் துப்பாக்கி இருந்தது. இரு தரப்பிலும் அது சுடத் தவறவும் வாய்ப்பிருந்தது. 1920இல் தவறாமல் வெடிக்கும் ஆயுதம் ஒரு தரப்பிடம் மட்டுமே இருந்தது.

சுழல் துப்பாக்கி கண்ட தீர்வு

ஒரு வெடி தவறினால் அடுத்ததை உடனே சுடுவது எப்படி என்ற கேள்விக்கு விடையாக வந்தது சுழல் துப்பாக்கி (ரிவால்வர்). சாமுவேல் கோல்ட் 1835, 1836 ஆம் ஆண்டுகளில் பெற்ற காப்புரிமைகளுக்குப் பின் அது பரவியது. கேப்பு வைத்த தொடக்கக் காலச் சுழல் துப்பாக்கிகளில், வெடித்துச் சிதறிய கேப்புத் துண்டுகள் பொறியமைப்புக்குள் விழுந்து உருளையைச் சுழலவிடாமல் செய்வதுண்டு. உலோகத் தோட்டா அக்குறையை நீக்கியது.

பிரிட்டிஷ் படை 1887இல் ஏற்றுக்கொண்ட வெப்ளி சுழல் துப்பாக்கி, பர்மிங்காமில் செய்யப்பட்டது. அதன் ஆறாம் வகை 1915இல் வந்தது. .455 என்று குறிக்கப்பட்ட அதன் வாய்விட்டம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர், எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். இந்தியாவில் பணியாற்றிய படை அதிகாரிகளும் காவல் அதிகாரிகளும் இடுப்பில் அணிந்த பெருவாய்ச் சுழல் துப்பாக்கிகளுள் இது பெயர் பெற்றது. 1932இல் அதைவிடச் சிறிய .38 அளவுடைய என்ஃபீல்டு சுழல் துப்பாக்கி படையில் அதன் இடத்தைப் பெற்றது.

தானியங்கிக் கைத்துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், அதைக் கையால் வெளியே தள்ளினால்தான் அடுத்தது உள்ளே வரும். சுழல் துப்பாக்கியில் விசையை மீண்டும் இழுத்தாலே போதும். உருளை சுழன்று அடுத்த அறை குதிரைக்கு நேரே வரும். சுடத் தவறுதலை ஒழிக்காமல், அதைக் கடந்து செல்ல வழி செய்ததே இதன் சிறப்பு. காவல்துறைகள் நெடுங்காலம் இதை விட்டுக்கொடுக்காததற்கு இது ஒரு காரணம்.

குதிரையின் அடி போதாமை

சுழல் துப்பாக்கியும் சுடத் தவறும். அப்போது தோட்டாவை எடுத்துப் பிரைமரைப் பார்ப்பதே முதல் ஆய்வு. பிரைமரின் நடுவே ஆழமான குழி விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் தோட்டாவில் இருக்கும். குழி மேலோட்டமாக இருந்தால் அடி போதவில்லை என்று பொருள்.

அடி போதாமைக்குப் பல காரணங்கள் உண்டு. முதலாவது, குதிரையை உந்தும் முதன்மை வில்லின் தளர்ச்சி. வெப்ளியில் கைப்பிடிக்குள் மடிந்த தகட்டு வில் ஒன்று இருக்கும். நாள்பட்ட பயன்பாட்டில் அதன் வேகம் குறையலாம். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் வகைகளில் வில்லை அழுத்திப் பிடிக்கும் திருகு தளர்ந்தாலும் இதே விளைவு ஏற்படும். இரண்டாவது, உலர்ந்து பிசினாகிப்போன எண்ணெயும் மருந்துக் கரியும் தூசியும் குதிரையின் பாய்ச்சலைத் தடுப்பது. மூன்றாவது, குதிரை முனை தேய்வது அல்லது முறிவது. நான்காவது, உருளை முன்னும் பின்னும் அளவுக்கு மீறி ஆடுவது. அப்போது அடியின் ஒரு பகுதி தோட்டாவை முன்தள்ளுவதிலேயே வீணாகிவிடும்.

ஐந்தாவது காரணம் தோட்டாவில் உள்ளது. பிரைமர் அதன் குழியில் முழுவதும் பதியாமல் நின்றால், முதல் அடி அதைப் பதியச் செய்வதோடு நின்றுவிடும். இரண்டாம் அடியில் வெடிக்கும். இரண்டாம் முறை மட்டும் வெடிக்கும் தோட்டா இக்குறையைச் சுட்டலாம்.

பெருவாய்ச் சுழல் துப்பாக்கியில் இச்சிக்கல் கூடுதலாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. அதன் உருளை கனமானது. விசையை ஒரே இழுப்பில் இழுத்துச் சுடும்போது, அந்த இழுப்பே உருளையைச் சுழற்றி, வில்லையும் மடக்க வேண்டும். அதனால் விசை இறுக்கமாக இருக்கும். அதை இலகுவாக்க விரும்பி வில்லை மெலியச் செய்தால் குதிரையின் அடியும் மெலியும். மேலும், பல துப்பாக்கிகளில் குதிரையைக் கையால் முழுவதும் பின்னிழுத்துச் சுடுவதைவிட, விசை இழுப்பால் மட்டும் சுடும்போது குதிரை கடக்கும் தூரம் குறைவு. ஆகவே ஒரு முறையில் வெடிக்கும் தோட்டா மற்ற முறையில் தவறக்கூடும். விசையின் இலகுவும் வெடியின் உறுதியும் ஒன்றையொன்று இழுப்பவை. இரண்டையும் முழுமையாகப் பெற இயலாது.

இதற்கான சீரமைப்பு அடிப்படையில் பழைய நிலைக்குத் திரும்புவதே ஆகும்: பொறியமைப்பைச் சுத்தம் செய்தல், உரிய வலிமையுள்ள வில்லை மீண்டும் பொருத்துதல், தேய்ந்த முனையை மாற்றுதல், உருளையின் ஆட்டத்தை அளந்து சரிசெய்தல், நல்ல தோட்டாவைப் பயன்படுத்துதல். அளவு மாற்றத்தால் விளைந்த குறைக்கு வெப்ளியே ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் விற்கப்பட்ட வெப்ளி துப்பாக்கிகள் பலவற்றில், வேறு வகைத் தோட்டாவை ஏற்பதற்காக உருளையின் பின்புறம் சீவப்பட்டது. அவற்றில் பழைய தோட்டாவை இட்டால் அதன் அடிப்பகுதிக்கு உரிய பிடிப்பு இல்லாமல் போய் அடி சரியாக விழாது.

தோட்டா வெடிக்காதபோது பின்பற்ற வேண்டிய எச்சரிக்கையும் பழமையானதே. சில வேளைகளில் தீ மெல்லப் பற்றி, சற்றுத் தாமதித்து வெடிக்கும். ஆகவே துப்பாக்கியின் வாயை ஆபத்தற்ற திசையிலேயே வைத்து, குறைந்தது அரை நிமிடம் காத்திருந்த பின்னரே தோட்டாவை அகற்றுவது பயிற்சிக் கூடங்களின் விதி.

வெயில், ஈரம், கிடங்கு

மதுரையின் தட்பவெப்பமும் இதில் பங்கு பெற்றது. சித்திரை, வைகாசியில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தொடும் ஊர் இது. பழைய பிரைமர்களில் இருந்த பாதரசக் கூட்டுப்பொருள் வெப்பமான கிடங்கில் நாளடைவில் வீரியம் இழக்கும் தன்மை உடையது. கோடையின் தூசியும் மழைக்காலத்தின் ஈரமும் மாறி மாறி வரும்போது, எண்ணெயிட்டு மூடி வைத்த துப்பாக்கியிலும் பிசின் படியும், துரு ஏறும். கவனிப்பின்றி நெடுங்காலம் உறையிலேயே கிடக்கும் துப்பாக்கி, தேவைப்படும் நாளில் நமுத்த வெடியாகலாம்.

இதைத் துப்பாக்கியைத் தொட்டறியாதவரும் தீபாவளியன்று அறிவர். மதுரைக்குத் தென்மேற்கே உள்ள சிவகாசியில், 1920களில் தீப்பெட்டித் தொழிலாகத் தொடங்கி வளர்ந்த வெடித் தொழில், குழந்தைகளின் பொம்மைத் துப்பாக்கிக்கான பொட்டு வெடியையும் சுருள் கேப்பையும் செய்கிறது. பொம்மைத் துப்பாக்கியின் வில் தளர்ந்தால் பொட்டு வெடிக்காது. மழை ஈரத்தில் சுருள் நமுத்தாலும் வெடிக்காது. மீண்டும் ஒருமுறை அடித்தால் சில வேளை வெடிக்கும். வில், அடி, வெடிபொருள் என்ற மூன்றின் உறவை இந்தச் சிறு விளையாட்டுப் பொருள் தெளிவாகக் காட்டுகிறது.

நாட்டுத் துப்பாக்கியும் இன்றைய சட்டமும்

தோட்டாத் துப்பாக்கி பரவிய பின்னரும் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி தமிழகத்தில் மறையவில்லை. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்றவர்களும், வேட்டையை வாழ்வாகக் கொண்டிருந்த நரிக்குறவர் சமூகத்தினரும் அதைப் பயன்படுத்தினர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை வாழ்வு முடிவுக்கு வந்தது. உள்ளூரில் பழுது பார்க்கத் தக்கதாக எஞ்சியிருந்த கடைசித் துப்பாக்கி வகை இதுவே.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கி வைத்திருப்பதற்கு மட்டுமன்றி, அதைச் செய்வதற்கும் விற்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. ஆகவே குதிரையின் வில்லை மாற்றுவதும் இன்று உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலகத்தின் வேலையே. உரிமம் பெற்ற பொதுமக்களுக்கான .32 அளவுச் சுழல் துப்பாக்கிகளைக் கான்பூரிலுள்ள அரசுத் தொழிற்சாலைகள் செய்கின்றன. மதுரைக்கு வடக்கே திருச்சிராப்பள்ளியில் 1966இல் தொடங்கப்பட்ட படைக்கலத் தொழிற்சாலை, படைகளுக்கான துப்பாக்கிகளைச் செய்து வருகிறது.

திரித் துப்பாக்கியின் பற்றுவாயை ஊசியால் குத்தித் திறந்த பாளையத்து வீரருக்கும், இன்று பிரைமரின் குழியை உருப்பெருக்கியால் பார்க்கும் தொழிலாளிக்கும் முன்னுள்ள கேள்வி ஒன்றே: தீ ஏன் உள்ளே செல்லவில்லை? பாளையத்து வீரர் அதற்கு விடை கண்டு, தாமே சரிசெய்து, மீண்டும் சுட முடிந்தது. அவருடைய துப்பாக்கி அடிக்கடி தவறியது. ஆனால் அது அவருடையதாக இருந்தது. இன்றைய துப்பாக்கி அரிதாகவே தவறுகிறது. அதைத் தவறாமல் வைத்திருக்கும் ஆற்றல் ஆலையிடமும் அரசிடமும் உள்ளது. மதுரைச் சீமையில் 1764க்கும் 1920க்கும் இடையே அதிகாரம் கைமாறியதற்கான காரணங்களுள், பற்றுவாயிலிருந்து பிரைமருக்கு நகர்ந்த இந்தத் தீப்பொறிக்கும் இடமுண்டு.